வௌவால் குற்றவாளியா, சாட்சியா?

சென்னை பெசன்ட் நகரில் பொழுது சாயும் நேரத்தில் அண்ணாந்து பார்த்தால், பழந்தின்னி வௌவால்கள் வரிசை வரிசையாகக் கிளம்பிப் போவதைக் காணலாம். பக்கத்திலுள்ள அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து மரங்களில் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்குகிறவை அவை. ஏறத்தாழ 260 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தோட்டம் அவற்றுக்குத் தங்குமிடம்தான், சாப்பாடு வேறிடம். எங்கே புன்னை காய்த்திருக்கிறது, எங்கே நெட்டிலிங்கம் பழுத்திருக்கிறது, எந்தத் தோப்பில் மாவும் சப்போட்டாவும் கனிந்திருக்கின்றன என்று தேடிப் பல கிலோமீட்டர் பறந்துபோய், விடிவதற்குள் திரும்பிவிடும். பகலில் நகரத்து மரத்தில் தொங்குவதும் இரவில் நாட்டுப்புறத் தோப்பில் மேய்வதும் ஒரே வௌவாலாக இருக்கலாம். ஆகவே பட்டணத்தில் வௌவாலைப் பற்றி எழும் பேச்சு விவசாயிகளான நம்மையும் சேர்ந்ததே.

அந்தப் பேச்சு சில ஆண்டுகளாக ஒரே மாதிரியாக இருக்கிறது. 'வௌவாலின் இரத்தத்தில் மூளைக் காய்ச்சல் கிருமியின் அடையாளம் இருக்கிறதாம். மரத்தை வெட்டிவிட்டால் நல்லது' என்கிறார்கள். 2018-ல் கோழிக்கோடு பக்கம் நிபா காய்ச்சல் வந்து பலர் இறந்த பிறகு இந்தப் பயம் கிராமங்களிலும் பரவியிருக்கிறது. நிபா வேறு, மூளைக் காய்ச்சல் வேறு. நிபாவுக்குக் கொசு தேவையில்லை. பழந்தின்னி வௌவாலே அதன் இருப்பிடம். நாம் இங்கே பேசப்போவது கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சலைப் பற்றி. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி மரத்தடியில் கோடரியோடு போய் நிற்பதற்கு முன்னால், 'இரத்தத்தில் அடையாளம்' என்றால் என்ன என்று தெரிந்துகொள்வது அவசியம்.

பெயரில் ஜப்பான் இருந்தாலும் இந்த நோய்க்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. இந்தியாவில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1955-ல், வேலூரில்தான். 1973-ல் மேற்கு வங்காளத்தில் பாங்குரா, பர்துவான் மாவட்டங்களில் பெரிய அளவில் தாக்கியது. 1970-களின் கடைசியில் கர்நாடகத்தின் கோலார் வட்டாரமும் அடிபட்டது. நம் பக்கம் விருத்தாசலம், கடலூர் பகுதிப் பெற்றோர்கள் இதை நன்றாக அறிவார்கள். கிருமி புகுந்தவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாக வெளிப்படும். ஆனால் வெளிப்பட்டால், நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்க நேரிடும். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கைகால் இழுப்பு, பேச்சுக் குழறல், புத்தி மந்தம் என்று ஆயுளுக்கும் நிற்கும். பாதிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். எனவே இதை யாரும் இலேசாகப் பேசிவிட முடியாது.

இந்தக் கிருமி வாழும் வழி இது. நெல் வயலில் தேங்கும் நீரில் கியூலெக்ஸ் இனக் கொசு ஒன்று பெருகுகிறது. கொக்கு, மடையான், நாரை முதலிய நீர்ப்பறவைகளின் இரத்தத்திலும் பன்றியின் இரத்தத்திலும் வைரஸ் சில நாட்களுக்கு ஏராளமாகச் சுற்றும். அந்தச் சில நாட்களுக்குள் கடிக்கிற கொசு கிருமியை ஏந்திக்கொண்டு போகும். பிறகு அது மனிதனைக் கடித்தால் மனிதனுக்கு வரும். மனித இரத்தத்தில் கிருமி மிகக் குறைவாக இருப்பதால், மனிதனைக் கடித்த கொசு அதை அடுத்தவருக்குக் கொடுப்பதில்லை. வைரஸுக்கு மனிதன் முட்டுச்சந்து.

வௌவால் எங்கே வருகிறது? கொசு இரவில் கடிக்கிறது. வௌவாலும் இரவில் உலவுகிறது, பகலில் மரத்திலும் பாழடைந்த கட்டிடத்திலும் தொங்குகிறது. ஆகவே கொசு அதையும் கடிக்கும். கடித்த கொசுவிடம் வைரஸ் இருந்தால் வௌவாலின் உடம்பு அதை எதிர்க்க ஒரு பொருளை உண்டாக்கும். இதை எதிர்ப்புப் பொருள் என்கிறோம். கிருமி போன பின்னும் இது இரத்தத்தில் நிற்கும். ஆராய்ச்சிக்காரர்கள் தேடுவது இதைத்தான்.

தேடும் முறையைச் சற்று விவரமாகச் சொன்னால்தான் அதன் பலமும் பலவீனமும் விளங்கும். வௌவால்கள் வெளியே கிளம்பும் வழியில் இரண்டு கம்புகளுக்கு நடுவே மெல்லிய நூல்வலையைக் கட்டுகிறார்கள். சிக்கியதைத் தடித்த கையுறை போட்டு எடுத்து, சிறகின் ஓரத்து நரம்பில் ஊசியால் குத்திச் சில சொட்டு இரத்தம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். சிறிய வௌவால் என்றால் எடை சில கிராம்தான்; அதற்கு மேல் எடுத்தால் பிராணி தாங்காது. இரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், சுழற்றித் தெளிந்த நீரைப் பிரிக்கிறார்கள். அதற்குச் சீரம் என்று பெயர்.

பழைய சோதனை ஒன்று உண்டு. நம் நாட்டில் பல ஆண்டுகள் இதைத்தான் செய்தார்கள். மூளைக் காய்ச்சல் வைரஸுக்கு வாத்தின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் குணம் உண்டு. சீரத்தை வைரஸோடு கலந்து, பிறகு வாத்து இரத்த அணுக்களைச் சேர்ப்பார்கள். சீரத்தில் எதிர்ப்புப் பொருள் இல்லாவிட்டால் அணுக்கள் ஒட்டிக்கொண்டு குழியில் விரிப்பு மாதிரி பரவி நிற்கும். எதிர்ப்புப் பொருள் இருந்தால் வைரஸின் கை கட்டப்பட்டு, அணுக்கள் ஒட்டாமல் அடியில் பொத்தான் போல இறங்கிவிடும். சீரத்தைப் பத்து மடங்கு, இருபது மடங்கு, நாற்பது மடங்கு என்று நீர்க்கச் செய்து, எந்த அளவு வரை தடுக்கிறது என்று பார்த்து எதிர்ப்புப் பொருளின் அளவை மதிப்பிடுவார்கள். இந்த வேலையில் பழக்கமுள்ள கண்ணுக்குப் பார்த்தவுடனே தெரியும். இப்போது எலிசா போன்ற புதிய சோதனைகள் வந்துவிட்டன.

இதில்தான் ஒரு சிக்கல். ஜப்பானிய மூளைக் காய்ச்சல், டெங்கு, மேற்கு நைல் காய்ச்சல் ஆகியவற்றின் வைரஸ்கள் எல்லாம் ஒரே குடும்பம், பங்காளிகள். ஒருத்தனுக்காக உண்டான எதிர்ப்புப் பொருள் பங்காளியையும் பிடித்துக்கொள்ளும். வாத்து இரத்தச் சோதனை 'இந்தக் குடும்பத்தில் யாரோ வந்துபோனார்' என்றுதான் திட்டமாகச் சொல்லும். வந்தவர் யார் என்று தெரிய, சீரத்தை உயிருள்ள வைரஸோடு கலந்து, எந்த வைரஸை அது செயலிழக்கச் செய்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்குப் பாதுகாப்பான ஆய்வுக்கூடமும் அதிக நாளும் பணமும் வேண்டும். சில சொட்டு இரத்தத்தில் அத்தனை சோதனையையும் செய்துவிடவும் முடியாது. பத்திரிகையில் 'வௌவாலில் மூளைக் காய்ச்சல் அடையாளம்' என்று ஒரு வரி வந்தால், அது எந்தச் சோதனையின் முடிவு என்று கேட்கிற பழக்கம் நமக்கு வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுச் சுவரில் ஒரு தண்ணீர்க் கோடு நிற்கும். வெள்ளம் வந்தது, இந்த உயரத்துக்கு வந்தது என்று அந்தக் கோடு சொல்லும். எந்த வருஷம், எந்த ஏரி உடைந்து வந்தது என்று சொல்லாது. அந்தச் சுவர்தான் வெள்ளத்தைக் கொண்டுவந்தது என்று யாரும் நினைக்கவும் மாட்டார்கள். வௌவாலின் எதிர்ப்புப் பொருளும் அந்தக் கோடு மாதிரிதான். குட்டி வௌவாலில் இருந்தால், அதைக் கொசுவே கடிக்காமல் தாயிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ஒன்றும் காணோம் என்று முடிவு வந்தாலும், கிருமியே வரவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. சில வௌவால்களில் எதிர்ப்புப் பொருள் குறைவாக உண்டாகிச் சீக்கிரம் கரைந்துவிடுகிறது.

நம் நாட்டில் இந்த வேலையைச் செய்தது புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையம். 1952-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அதன் விஞ்ஞானிகள் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவாலிலும் மூஞ்சூறிலும் இந்த வைரஸைச் செலுத்திச் சோதித்து 1984-ல் வெளியிட்டார்கள். கர்நாடகத்தில் பூச்சி தின்னும் வௌவால்களைப் பிடித்து, அவற்றின் இரத்தத்தில் மூளைக் காய்ச்சல் வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள் இருப்பதை 1988-ல் வெளியிட்டார்கள். கோடு இருப்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு அனுபவமும் கலவையானதே. ஜப்பானில் 1960-களில் காட்டு வௌவால்களிலிருந்து வைரஸையே பிரித்தெடுத்தார்கள். குளிர்காலத்தில் வௌவால் உறங்கும்போது வைரஸும் அதன் உடம்பில் அடங்கிக் கிடந்து, வெயில் வந்ததும் எழும்புகிறதோ என்று அமெரிக்க விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். நம் சமவெளி வௌவாலுக்குக் குளிர்கால உறக்கமே கிடையாது. அந்த வாதம் இங்கே அப்படியே பொருந்தாது. 2009-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை முடிவு வந்தது. அந்நாட்டுக் கறுப்புப் பழந்தின்னி வௌவாலுக்கு வைரஸைக் கொடுத்தபோது, இரத்தத்தில் வைரஸ் இருப்பதைச் சோதனையில் காண முடியவில்லை. ஆனாலும் அதைக் கடித்த கொசுக்களில் சில வைரஸை ஏற்றுக்கொண்டன. இது ஆய்வுக்கூடத்தில் நடந்தது என்றாலும், வௌவாலை முழுக்க விடுதலை செய்துவிட முடியாது என்று காட்டுகிறது. மறுபுறம், மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிகாவில் வௌவால்களில் டெங்கு அடையாளத்தைக் கண்ட ஆய்வாளர்கள் 2017-ல், டெங்குவைப் பொறுத்தவரை வௌவால் முட்டுச்சந்துதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். மனிதரிடமிருந்து கொசு வழியாக வௌவாலுக்குப் போயிருக்கிறது! யாருக்கு யார் கொடுத்தது என்று பாருங்கள்.

என் கருத்து இதுதான். எதிர்ப்புப் பொருள் இருப்பதையே குற்றமாகக் கொண்டால், முதலில் நம் வீட்டுத் தொழுவத்துக்குப் போக வேண்டும். மூளைக் காய்ச்சல் உள்ள வட்டாரங்களில் மாட்டின் இரத்தத்தில் இதே எதிர்ப்புப் பொருள் தாராளமாக உண்டு. இந்தக் கொசு அதிகமாகக் குடிப்பதே மாட்டு இரத்தத்தைத்தான். ஆனால் மாட்டுக்குள் வைரஸ் பெருகுவதில்லை, அங்கேயே முடிந்துவிடுகிறது. கொசுவின் கடியை மாடு தன் மேல் வாங்கிக்கொள்கிறது என்றுகூடச் சொல்லலாம். 'எதிர்ப்புப் பொருள் இருக்கிறது' என்று மாட்டை விற்றவர் யாராவது உண்டா? அதே வட்டாரத்தில் வாழும் பெரியவர்கள் பலரின் இரத்தத்திலும் இது இருக்கும். மாட்டுக்கும் மாமனுக்கும் ஒரு நியாயம், வௌவாலுக்கு மட்டும் வேறு நியாயமா?

மரத்தை வெட்டுவதால் நன்மை இல்லை என்பது மட்டுமல்ல, நஷ்டமும் உண்டு. ஓரிடத்தில் கூடியிருந்த கூட்டம் சிதறிப் பத்து இடங்களுக்குப் போகும். வயல் தண்ணீரில் கொசு இருந்தபடியே இருக்கும். பூச்சி தின்னும் வௌவால் வயலுக்குச் செய்யும் உதவி போய்விடும். தாய்லாந்தில் ஒருவகை வௌவால் வெண்முதுகுத் தத்துப்பூச்சியைத் தின்று, ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 டன் நெல்லை அழிவிலிருந்து காக்கிறது என்று 2014-ல் கணக்கிட்டார்கள். கூலியில்லாத காவல் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். பழந்தின்னி வௌவாலோ இலுப்பை, புன்னை போன்ற மரங்களின் விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் போடுகிறது. சட்டமும் மாறியிருக்கிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காக்கையோடு சேர்த்துத் தொல்லைப் பிராணிகள் பட்டியலில் வைத்திருந்தது. 2022-ல் செய்த திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீங்கிவிட்டது. சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் கிராமங்கள் சிலவற்றில் இந்தப் பாதுகாப்பு இருந்தது. மதுரைப் பக்கம் புளியங்குளத்து ஆலமரத்து வௌவால்களை முனிக்குச் சொந்தமென்று ஊரார் காத்துவந்ததை, மதுரை காமராஜ் பல்கலைக்கழக வௌவால் ஆராய்ச்சியாளர் மாரிமுத்து 1988-ல் எழுதியிருக்கிறார்.

பழத்தோட்டக்காரர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. கொய்யாவும் சப்போட்டாவும் கனிகிற மாதத்தில் ஒரே இரவில் மரத்தைக் காலி செய்வதைப் பார்த்தவனுக்குத்தான் வலி தெரியும். அது பயிர்ச்சேதம், அதற்கு வலைபோடுவதும், முற்றின காயைக் காலத்தில் பறிப்பதும் வழி. மானியத்தில் தோட்ட வலை கொடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் பயிர்ச்சேதக் கோபத்தை நோய்ப் பயத்தின் பெயரால் தீர்த்துக்கொள்ளக் கூடாது. வௌவால் கடித்துப்போட்ட பழத்தைக் குழந்தைகள் எடுத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதநீர்க் கலயத்துக்கு மேல் மூடி கட்டுங்கள். இவை நிபாவுக்காகச் சொல்லும் எச்சரிக்கை. செத்த வௌவாலையோ தரையில் விழுந்து கிடப்பதையோ வெறுங்கையால் தொடாதீர்கள்.

அரசாங்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வௌவாலின் இரத்தத்தை எடுப்பது நல்ல காரியம்; எடுக்கட்டும். ஆனால் ஒரு வருஷம் வந்து வலைபோட்டு எடுத்துப்போய், ஐந்து வருஷம் கழித்து இங்கிலீஷ் பத்திரிகையில் கட்டுரையாகப் போட்டால் வயல்காரனுக்கு என்ன லாபம்? எந்த ஊரில் எடுத்தார்களோ அந்த ஊருக்கு முடிவு தெரிய வேண்டும். அதுவும் வௌவாலை மட்டும் எடுத்தால் போதாது. ஜப்பானில் 1960-களிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் மாகாணந்தோறும் இளம் பன்றிகளின் இரத்தத்தைச் சோதித்து, எதிர்ப்புப் பொருள் ஏறுகிறதா என்று பார்த்து வெளியிடுகிறார்கள். சில மாதக் குட்டியின் இரத்தத்தில் புதிதாக எதிர்ப்புப் பொருள் தோன்றினால், வைரஸ் இந்தப் பருவத்திலேயே சுற்றுகிறது என்று அர்த்தம். வௌவால் பல வருஷம் வாழும் பிராணி. அதன் கோடு எந்த வெள்ளத்தினுடையது என்று சொல்வது கடினம். பன்றிக்குட்டியின் கோடு இந்த வருஷத்துக் கோடு. 2022-ல் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் இந்த நோய் பரவியதைக் காட்டிக்கொடுத்ததும் பன்றிப் பண்ணைகளில் செத்துப் பிறந்த குட்டிகள்தான். நம் ஊர்ப் பன்றி வளர்ப்போர், குட்டிகள் செத்துப் பிறந்தால் புதைத்துவிட்டுப் பேசாமல் இருக்காமல் கால்நடை டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் பன்றியைப் பிடித்துப்போய்விடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. அந்தப் பயத்தைப் போக்குவது அதிகாரிகளின் பொறுப்பு.

பெசன்ட் நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. 1899-ல் ஏற்பட்ட அந்த நிலையத்தில் வைரஸ் சோதனை வசதி உண்டு. மதுரையில் 1985-ல் தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம், இப்போது புதுச்சேரி கொசு ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து இயங்குகிறது. வேலூரில் பழைய அனுபவம் இருக்கிறது. ஆளும் அறிவும் இருக்கும்போது, ஐப்பசி முதல் தை வரையான பருவத்தில் வௌவால், பன்றி, மாடு, கொசு நான்கையும் சேர்த்துப் பார்த்து, வட்டார வேளாண்மை அலுவலகப் பலகையில் நாலு வரி தமிழில் எழுதி ஒட்டுவது முடியாத காரியமல்ல.

நம் கையில் இருப்பது தண்ணீர். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது நம் பெரியவர்கள் சொன்ன முறை. அதுவே இந்தக் காய்ச்சலுக்கும் மருந்து! கொசுப் புழு கூட்டுப்புழுவாகி இறகு முளைக்க ஒரு வாரம், பத்து நாள் வேண்டும். அதற்குள் வயல் சில நாள் காய்ந்தால் புழு செத்துவிடும். மதுரை மையத்து விஞ்ஞானிகள் 1990-களில் இப்படித் தண்ணீர் கட்டியும், வேப்பம் புண்ணாக்கு கலந்த யூரியா போட்டும் வயல்களில் சோதித்தார்கள்; புழு வெகுவாகக் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. ஒருவர் மட்டும் செய்தால் பலன் இல்லை. ஒரு மடையில் பாயும் எல்லோரும் சேர்ந்து முறை வைத்துக்கொள்ள வேண்டும். கடைமடைக்காரருக்கு, காயவிட்டால் மறுபடி தண்ணீர் வருமா என்ற சந்தேகம் இருக்கிற வரையில் அவர் வயலைக் காயவிடமாட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. முறைப்படி தண்ணீர் விடுவதாக நீர்வளத் துறைக்காரர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அவரும் சேர்ந்துகொள்வார்.

பன்றிப்பட்டி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் தள்ளி அமையுங்கள். இரவில் குழந்தைகளைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் 2006 முதல் தடுப்பூசி போட்டுவருகிறார்கள். ஒன்பதாவது மாதம் ஒன்று, பதினாறு முதல் இருபத்துநாலு மாதத்துக்குள் இன்னொன்று என்று இரண்டு ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, அறுவடை வேலையில் இரண்டாவதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்து, இரண்டாவது கட்டத்தில் தேதி எழுதியிருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.